வராத பிள்ளைக்கு விழுந்த பச்சை

போன வாரம் ஜெயந்தி போன் செய்தாள். நான் கடைசியாகத் தலைமையாசிரியராக இருந்த நடுநிலைப் பள்ளியில் பத்து வருடம் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது அங்கே அவள்தான் தலைமையாசிரியர். அடுத்த கல்வியாண்டிலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் புத்தகம் வராது, எல்லாம் டேப்லெட்டில்தான் என்று பேச்சு அடிபடுகிறதாம். "மொத மொத அத ஓட்டிப் பாத்தது நம்ம ஸ்கூல்தான டீச்சர். எப்படிச் செஞ்சோம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, கூட்டத்துல வாசிக்கிறேன்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. இதைக் கூட்டத்தில் வாசிக்கிறாளா, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்கிறாளா என்பது அவள் இஷ்டம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருப்பது முட்டி வலியும், உள்ளதை உள்ளபடி சொல்லும் தைரியமும்தான். தைரியம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம். கரும்பலகையில் கோடு போடாமல் நேராக எழுதவும், தொண்டை கட்டாமல் கத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். நடத்தாத பாடத்தை நடத்தியதாகக் குறிப்பேட்டில் எழுதுவதை யாரும் கற்றுத்தரவில்லை, நாங்களாகவே கற்றுக்கொண்டோம். முதல் வேலை சித்தையன்கோட்டைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. அப்புறம் மாறுதல், மாறுதல் என்று ஐந்து ஊர்கள். கடைசிப் பன்னிரண்டு வருடம் ரெட்டியார்சத்திரம் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு பூக்காட்டு ஊர். வீடு திண்டுக்கல் பேகம்பூரில். காலையில் ஒரு டவுன் பஸ், பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு அரை மைல் நடை. வழி நெடுகச் சம்பங்கியும் செவ்வந்தியும் தென்னையுமாக இருக்கும், பார்க்க அழகு என்பார்கள். மணி ஆகிவிட்டதே என்று ஓடுகிறவள் கண்ணில் அழகு எங்கே படும்.

புத்தகம் வந்து இறங்கும் நாள் எங்கள் பள்ளியில் பெரிய நாள். பருவத்துக்கு ஒரு முறை ஒன்றியக் கிடங்கிலிருந்து தகவல் வரும். இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு சின்ன லாரியைப் பிடித்துக் கட்டுகளை ஏற்றி வருவோம். கட்டு இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது மேல் புத்தகத்தையும் கீழ்ப் புத்தகத்தையும்தான். அவற்றைத்தான் கயிறு அறுத்திருக்கும். அறுந்ததைப் பசை தடவி ஒட்டி, புத்தகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையிடம் கொடுப்பேன். கண்டபடி கிழிக்கும் பிள்ளைக்கு முழுப் புத்தகம். கேட்டால் அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஒட்டிய புத்தகம் பருவக் கடைசி வரை தாங்க வேண்டுமே. செல்வராணி என்று ஒரு பிள்ளை, அவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிய புத்தகம்தான் போயிருக்கிறது. ஒரு தரம்கூட அவள் ஏன் என்று கேட்டதில்லை.

என் கடைசி வருடம் இரண்டாம் பருவத்துக் கட்டுகள் வந்து இறங்கிய மறுநாள் நான்கு பள்ளித் தலைமையாசிரியர்களை மட்டும் கூப்பிட்டார்கள். ஆறு முதல் எட்டு வரை இனி டேப்லெட்டிலேயே படிப்பு, புத்தகம் இல்லாமல் ஓட்டிப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். வந்த புத்தகத்தை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். கட்டைப் பிரிக்காமல் வையுங்கள், புத்தகம் கையில் இருந்தால் பிள்ளைகள் டேப்லெட்டை ஒழுங்காகப் பழக மாட்டார்கள் என்று பதில் வந்தது. இது எழுத்தில் வரவில்லை. எங்கள் வேலையில் எழுத்தில் வராத உத்தரவுக்குத்தான் பயம் அதிகம்.

அதைச் சொன்னவர் எங்கள் மேலதிகாரி ஞானசேகர் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வகுப்புக்குள் வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிற அதிகாரியை என் காலத்தில் நான் வேறு பார்த்ததில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார், ஒரு ஸ்டூல் கேட்பார். முதலில் பிள்ளைகளிடம் போய்க் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பார். அப்புறம் எங்களிடம் வந்து தன் போனை நீட்டுவார். அதில் எங்கள் பள்ளிக்கு ஒரு கட்டம் இருக்கும். பிள்ளைகள் பாடம் முடித்திருந்தால் பச்சை, பாதி என்றால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. நாங்கள் பார்க்கும் வரை கையை எடுக்க மாட்டார். பிறகு "பாத்துக்கங்க டீச்சர்" என்பார். அவ்வளவுதான். திட்டுகிற அதிகாரியிடம் பதிலுக்குப் பதில் பேசலாம். இவரிடம் என்ன பேசுவது.

அவருக்கும் மேலே ஆள் உண்டு. சாயங்காலமானால் போனிலேயே கூட்டம் நடக்கும், சிவப்பில் இருக்கும் பள்ளிகளை ஒவ்வொன்றாக வாசித்து விளக்கம் கேட்பார்கள். ஒரு நாள் எங்கள் பள்ளி வாசலிலேயே கூட்டம் வந்துவிட்டது. ஜீப்பில் போனைச் சாப்பாட்டுத் தூக்கில் சாய்த்து வைத்து, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, அவர் ஆமாங்க சார், சரிங்க சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிடக் கூடாதென்று உள்ளே போய்விட்டேன்.

டேப்லெட் மொத்தம் இருபது. நாற்பத்தொரு பிள்ளைகள். இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவி என் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் தொங்கியது. காலையில் வந்ததும் எடுத்துத் துடைத்து வரிசையாக வைக்க வேண்டும். பிள்ளை தன் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு உள்ளே போகும். பாடம் படமாக ஓடும், நடுவில் தள்ளிவிட முடியாது. முடிந்ததும் ஐந்து கேள்வி. விடையை அழுத்தினால் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேராகப் பச்சை விழும். பச்சை விழுந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்ததாகவும் தானே பதிவாகிவிடும். ஆசிரியருக்கு வேலை குறையட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு அது. வாரக் கணக்கு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முடியும்.

டேப்லெட்டைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. முப்பது வருடமாக நான் கரும்பலகையில் வரைந்த இதயம் கத்திரிக்காய் மாதிரிதான் இருக்கும். அது துடிப்பதைப் பிள்ளைகள் முதல் முதலாகப் பார்த்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னைக் கிண்டல் செய்யும் என் கணவரிடம் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். சங்கடம் நாலரை மணிக்குத்தான் தொடங்கும். உடைந்தால் தலைமையாசிரியர் பொறுப்பு என்பதால் டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. பீரோவைப் பூட்டியதும் நாற்பத்தொரு பிள்ளைகளும் வெறும் பையோடு வீட்டுக்குப் போவார்கள். வராத பிள்ளைக்கு அதுவும் இல்லை.

எங்கள் ஊரில் வராத பிள்ளை எப்போதும் இருக்கும். பூ விலை ஏறினால் விடியும் முன்பே பிள்ளைகள் காட்டில் நிற்பார்கள். எடுத்த பூ காலையிலேயே திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் வாரம் முடிகையில் ஐந்தாறு பெயர் சிவப்பாக நிற்கும், அதனால் பள்ளிக் கட்டமும் சிவப்பாகிவிடும். மற்ற மூன்று பள்ளிகள் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கின்றன என்று ஒரு தலைமையாசிரியரைக் கேட்டேன். அவர் சிரித்தார். பிள்ளையின் எண்ணும் பிறந்த தேதியும் உங்களிடம்தானே இருக்கிறது, நீங்களே போட்டுவிடுங்கள், வந்ததும் படித்துக்கொள்ளட்டும் என்றார். அவர்கள் அதற்கு விளக்கேற்றுவது என்று பெயரே வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அல்லவா.

நாங்களும் ஏற்றினோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் ஜெயந்தியும் அலுவலக அறையில் உட்காருவோம். அவள் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளட்டும். வராதவர்களின் எண்ணைப் போட்டு ஐந்தாறு டேப்லெட்டை மேசையில் பரப்பி, சத்தத்தை அடைத்து ஓடவிடுவோம். ஒரே பாடத்தை ஒரே ஆள் ஆறு இடத்தில் முன்னும் பின்னுமாக வாயசைத்துக்கொண்டிருப்பார். ஓடி முடிந்ததும் கேள்விகளுக்கு விடை போடுவோம். எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றிரண்டைத் தப்பாகவும் போடுவோம். அந்தப் பிள்ளை எதைத் தப்பாக எழுதும் என்றுகூட எங்களுக்குத் தெரியும். அத்தனை வருடம் அவர்களோடு இருந்திருக்கிறோம்.

செல்வராணிக்கு மட்டும் நான் எதையும் தப்பாகப் போட்டதில்லை. அவள் இருந்தால் சரியாகத்தான் எழுதுவாள் என்ற நினைப்பு. அது ஒரு செல்லம் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

செல்வராணி ஏழாம் வகுப்பு. அப்பன் கேரளாப் பக்கம் தென்னை ஏறப் போனவன், வருடத்துக்கு இரண்டு முறை தலை காட்டுவான். அம்மா பஞ்சவர்ணம் பூ எடுக்கப் போவாள். ஐப்பசியில் பஞ்சவர்ணத்துக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் ஆயிற்று, மூன்று மாதம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து அம்மாவின் வரிசையில் செல்வராணி பூ எடுத்தாள். பள்ளிக்கு வரவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் மதியம் அலுவலக வாசலில் வந்து நின்றாள். கை விரலெல்லாம் சம்பங்கிச் சாறு பட்டுக் கறுத்திருந்தது.

"தமிழும் சயின்சும் மட்டும் குடுங்க டீச்சர். பூ எடுத்துட்டு வந்தா பகல்ல வீட்லதான் இருக்கேன். வாசிச்சுக்கிறேன்" என்றாள்.

கட்டுகள் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தன. பத்து அடி நடந்தால் போதும், ஒரு பிளேடால் கயிற்றை அறுத்தால் போதும். திங்கட்கிழமை ஞானசேகர் சார் வருவதாக இருந்தது. பிரித்த கட்டைப் பார்த்தால் போனை நீட்டுவது போல அதையும் ஒரு பார்வை பார்ப்பாரே என்று யோசித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியாகட்டும், வந்ததும் டேப்லெட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். சரி டீச்சர் என்று போய்விட்டாள். அந்த வெள்ளிக்கிழமையும் அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டேன்.

மாசி பிறந்து ஐந்தாறு நாள் ஆகியிருக்கும், பஞ்சவர்ணம் வந்தாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நடந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளுக்கென்று தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளி ஒன்று உண்டு. அதில் ஓர் இடம் காலியாக இருப்பதாக யாரோ சொல்லி, அவளாகவே பஸ் ஏறிப் போய் விசாரித்திருக்கிறாள்.

"அங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, ஒங்க பிள்ள ஒரு வாரங்கூட விடலயேம்மா, எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு வாங்கிருக்கேங்கிறாக. இது நின்ன பிள்ளைகளுக்கு உள்ள எடம், குடுக்க முடியாதுங்கிறாக" என்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐப்பசிலருந்து அவ பூக்காட்டுலதான நிக்கிறா. அப்ப யாரு டீச்சர் படிச்சது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தொடர்ந்து முப்பது நாள் வராவிட்டால் பிள்ளையின் பெயர் இடைநின்றோர் பட்டியலுக்குத் தானாகப் போய்விடும்; அந்தப் பட்டியலில் இருந்தால்தான் அங்கே இடம். நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஏற்றிய விளக்கில் செல்வராணி வாரம் ஒரு நாள் பள்ளிக்கு வந்துகொண்டே இருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. பதிவில் தப்பு இருக்கிறது, சரி செய்துவிடலாம் என்றேன்.

"சீக்கிரம் பண்ணுங்க டீச்சர். செவராத்திரிக்குக் குலசாமி கும்புட நாத்தனா வருவா. திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கா, வந்தா இவளயும் கூட்டிட்டுப் போயிருவா. ஆசுபத்திரில பத்து நாளும் அவதான் எங்கூட இருந்து பாத்தா, எனக்கு மறுத்துப் பேச வாயில்ல. பிள்ள பள்ளிக்கூடத்துல சேந்துருச்சுன்னா அதச் சொல்லிப்புடுவேன்" என்றாள்.

சிவராத்திரிக்குப் பதினாறு நாள் இருந்தது. காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் அவளை அனுப்பினேன்.

மறுநாளே ஞானசேகர் சாரைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், புத்தகம் கேட்டு வந்ததைத் தவிர. எத்தனை வாரம் என்று கேட்டார். பதினாலு என்றேன். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் நடக்கிறது என்று சேர்த்துக்கொண்டேன். மாட்டிக்கொண்ட பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும் புத்திதான்.

"தெரியும் டீச்சர். வெள்ளிக்கிழம மூணு மணிக்கு மேல நாலு பள்ளிக்கூடமும் ஒண்ணாப் பச்சையாகுது. எனக்குக் கண்ணு இல்லையா" என்றார். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "இந்தப் பிள்ள ஐப்பசிலருந்து வரல, பதிவு தப்பு, போட்டது நான்தான்னு எழுதிக் குடுங்க. இன்னைக்கே குடுத்தா நாளைக்கு நானே மாவட்டத்துக்கு எடுத்துட்டுப் போறேன். தெரிஞ்சும் கேக்கலன்னு எம்பேரும் அதுல வரும். வரட்டும்."

நான் தாளைப் பார்த்தேன். வீட்டில் வைத்து நிதானமாக எழுதி நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த நாளை வருவதற்குப் பதினோரு நாள் ஆயிற்று.

எனக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த பயம் ஒன்று உண்டு. முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்திருந்தாலும், கடைசி நாளன்று மாலை போட்டுக்கொண்டு நிற்கும்போது பணியிடை நீக்கம் என்று ஒரு தாளை நீட்டிவிட முடியும். அப்புறம் விசாரணை முடியும் வரை ஓய்வும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கணவர், வாயைத் திறக்காமல் மூன்று மாதத்தை ஓட்டு என்றார். சங்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர், எழுத்தில் கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது என்றார். ஜெயந்தி அழுதாள். மற்ற மூன்று பள்ளிக்காரர்களும் போன் செய்து, நீங்கள் எழுதினால் எங்களையும் தோண்டுவார்களே என்றார்கள். எல்லோரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளையின் நியாயத்தைச் சொல்ல ஒருவரும் போன் செய்யவில்லை.

எழுதாமலும் இல்லை. தினமும் எழுதினேன். முதல் கடிதத்தில் தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதினேன். இரண்டாவதில் வேலைப் பளுவால் கவனக் குறைவாக நேர்ந்தது என்று எழுதினேன். மூன்றாவதில் யார் செய்தது என்றே தெரியாத மாதிரி ஒரு பக்கம் எழுதினேன். நானே வாசித்துப் பார்த்தாலும் யார் மேலும் குற்றம் இல்லை என்று தோன்றும்படி அவ்வளவு அழகாக வந்திருந்தது. பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்த கை அல்லவா. பஞ்சவர்ணம் இரண்டு முறை போன் செய்தாள். முதல் முறை, நடந்துகொண்டிருக்கிறது என்றேன். இரண்டாம் முறை அவள் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்காலத்தில் நான் வெட்கப்படும் காரியம் ஒன்றைச் சொல் என்றால் பொய்ப் பச்சையைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நான்கு வரி எழுதினேன். பதிவு செய்தது நான், பிள்ளை வரவில்லை, தெரிந்தேதான் செய்தேன், பட்டியலில் சேர்க்க வேண்டும். கொண்டு போய்க் கொடுத்தேன். ஞானசேகர் சார் இரண்டு முறை வாசித்தார். ஏன் இத்தனை நாள் என்று கேட்பார் என்று நின்றேன், கேட்கவில்லை. மேலே அனுப்புவதற்கான குறிப்பைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் கார்த்திகையில் அவள் புத்தகம் கேட்டு வந்ததையும் நான் கொடுக்காததையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "ஒரு கட்டப் பிரிச்சிருந்தா நான் என்ன டீச்சர் சொல்லிருக்கப் போறேன்" என்றார்.

அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்தான். அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற மனுஷனிடம் போய் இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேராக ஊருக்குப் போனேன். சிவராத்திரிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளை நம்பித்தான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சவர்ணம் வீட்டு வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். பண்டிகைக்குக் கம்பெனியில் லீவு கிடைக்காது என்று நாத்தனார் முன்கூட்டியே வந்து குலசாமியைக் கும்பிட்டிருக்கிறாள். செல்வராணி போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

கடிதம் கொடுத்துவிட்டேன், இன்னும் இரண்டு மூன்று நாளில் பெயர் பட்டியலுக்கு வந்துவிடும் என்று சொன்னேன். அவள் நாரை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க வருவீகன்னு ரெண்டு நாள் அவள நிப்பாட்டி வச்சேன் டீச்சர்" என்றாள்.

குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மூன்றாம் நாள் செல்வராணியின் பெயர் பட்டியலில் ஏறியது. தங்கும் பள்ளியில் அந்த இடத்தை ஒரு மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அதற்கு ஞானசேகர் சார்தான் பேசினார். திருப்பூரில் உள்ளவர்களுக்கும் தகவல் சொல்லி, குழந்தைகளை மீட்கும் அலுவலர்களைப் பஞ்சவர்ணம் கொடுத்த விலாசத்துக்குப் போகச் சொன்னார். போனார்கள். அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை, வேறு பக்கம் மாறிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அத்தைக்காரியின் போன் எண் மட்டும் இருந்தது. பஞ்சவர்ணத்தை வைத்துக்கொண்டு அதில் பேசினேன். அத்தை செத்த நேரம் தயங்கிவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

நன்றாக இருக்கிறேன் டீச்சர் என்றாள். இடம் வாங்கி வைத்திருக்கிறோம், வந்துவிடு என்றேன். அத்தை விட மாட்டார்கள், அம்மாவுக்கும் முடியவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் எல்லாத்துலயும் நூறு எடுத்திருக்கேனாமே டீச்சர், அம்மா சொல்லுச்சு" என்றாள்.

"அது நான் போட்டதும்மா" என்றேன்.

"நான் இருந்தாலும் எடுத்திருப்பேன்ல?"

எடுத்திருப்பாய் என்று சொன்னேன். அது ஒன்றுதான் அந்தப் பருவம் முழுக்க அவளைப் பற்றி நான் சொன்ன உண்மை. அடுத்த வாரம் அந்த எண் அணைந்துவிட்டது. பிறகு வேறு எண்ணிலிருந்து அவளே எப்போதாவது அம்மாவைக் கூப்பிடுவாள் என்று கேள்வி. எங்கே இருக்கிறாய் என்றால் சொல்வதில்லையாம்.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஒரு விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். கண்டித்து ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினார்கள். குறித்த நாளில் மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பி வைத்தார்கள். ஞானசேகர் சாருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் ஆயிற்று. போகும்போது போன் செய்து முட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார். பதினோரு நாள் நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை யாரும் என்னிடமிருந்து பறிக்கவே வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அலுப்பாக வருகிறது. வேறு யார் மேலாவது கோபப்படலாம் என்றால் ஆளும் இல்லை.

ஜெயந்தி, டேப்லெட் வரட்டும், நல்லதுதான். புத்தகமும் வந்தால் கட்டைப் பிரித்துவிடு. வெள்ளிக்கிழமை சிவப்பாக இருந்தால் சிவப்பாகவே இருக்கட்டும், போனை நீட்டுகிறவரிடம் அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல். வேறு எனக்கு எழுதத் தெரியவில்லை.

அந்தப் பதிவில் செல்வராணியின் பெயருக்கு நேராக பட்டியலில் ஏற்றியபோது நான் கொடுத்த என் போன் எண்தான் இன்னும் இருக்கிறது. மாற்றிவிடலாமா என்று நீ இரண்டு முறை கேட்டாய், வேண்டாம் என்றேன். மாதம் பிறந்தால் எனக்கு ஒரு செய்தி வரும். செல்வராணி, வகுப்பு ஏழு, பள்ளிக்கு வரவில்லை, காரணத்தைத் தேர்வு செய்யவும். அவளுக்கு இப்போது பதினைந்து முடிந்திருக்கும். கீழே நோய், இடப்பெயர்ச்சி, குடும்பச் சூழல், பிற என்று நான்கு இருக்கும். பிற என்பதை அழுத்தினால் விவரம் எழுதச் சொல்லும். போன மாதம் எழுதினேன். தலைமையாசிரியர் பதினோரு நாள் யோசித்தார் என்று எழுதி அனுப்பினேன். இந்த மாதமும் அதே செய்தி வந்திருக்கிறது.